மூன்றாவது ஆளும் 262-ஆவது ஆளும்: என்எஃப்எல் டிராஃப்ட் எப்படி வேலை செய்கிறது?

2021-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக் தேவைப்பட்டார். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். அணியின் தலையெழுத்தே பெரும்பாலும் அவர் கையில் இருக்கும். கல்லூரி வீரர்களை என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் டிராஃப்ட். அந்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ஒருவரை எடுக்கும் உரிமைக்காக, ஃபார்ட்டிநைனர்ஸ் மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் கூடவே ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்தது. அப்படி எடுத்த குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ், அந்த அணிக்காக ஆட்டத் தொடக்கத்திலேயே இறங்கி ஆடியது நான்கே ஆட்டங்களில். கணுக்கால் முறிந்தது. 2023-இல் ஒரே ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு அவரை டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இடையில் 2022 டிராஃப்டில் அதே அணி 262-ஆவது ஆளாக பிராக் பர்டி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. அந்த ஆண்டு மொத்தம் 262 பேர்தான். கடைசி ஆள் அவர். 2024 பிப்ரவரியில் ஃபார்ட்டிநைனர்ஸை சூப்பர் பவுல் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவரும் அவர்தான்.

இந்தக் கதையைப் பலரும் "அதிர்ஷ்டம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் மூன்றாவது ஆளை எடுத்தது இவ்வளவு பெரிய தவறாகியும் அந்த அணி ஏன் சரிந்துபோகவில்லை, பர்டி கிடைத்தது ஏன் வெறும் "நல்ல ஆட்டக்காரர் கிடைத்தார்" என்பதைவிடப் பெரிய விஷயம் என்பதெல்லாம் ஒரு கணக்கு தெரிந்தால்தான் விளங்கும். டிராஃப்டைப் பற்றி எல்லோரும் திறமையைவைத்தே பேசுகிறார்கள். உள்ளே ஓடுவது விலைக் கணக்கு.

உத்தி பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்

சின்ன வயதில் கபடிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ உத்தி பிரித்திருப்போம். இரண்டு பேர் ஜோடியாகத் தள்ளிப்போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "வானத்தை வில்லாக வளைத்தவன் வேண்டுமா, மணலைக் கயிறாகத் திரித்தவன் வேண்டுமா?" என்று தலைவனிடம் கேட்பார்கள். தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

டிராஃப்டும் ஆள் பிரிக்கும் முறைதான். கல்லூரியில் ஆடி முடித்து வரும் வீரர்களை, தேசிய ஃபுட்பால் லீக் என்கிற என்எஃப்எல்லின் 32 அணிகளும் ஒவ்வொரு ஏப்ரலிலும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. மொத்தம் ஏழு சுற்று. அப்படித் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் "பிக்" என்று பெயர். போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் பிக், கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி. இதே வரிசைதான் ஒவ்வொரு சுற்றிலும்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஐபிஎல்லில் நடப்பது ஏலம். யார் அதிகம் கேட்கிறாரோ வீரர் அவருக்கு. டிராஃப்டில் ஏலம் கிடையாது. முறை வந்த அணி ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. அந்த வீரரோடு வேறெந்த அணியும் பேரம் பேச முடியாது. அவரும் "எனக்கு வேறு ஊர் வேண்டும்" என்று தேர்ந்தெடுக்க முடியாது.

இந்த ஏற்பாட்டை முன்வைத்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் மற்ற அணிகள் செத்துப்போகும், அப்புறம் லீக்கும் மிஞ்சாது என்பது அவர் வாதம். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள். முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு பணப்பை

வரிசை மட்டும் இருந்தால் டிராஃப்ட் இவ்வளவு முக்கியமாகியிருக்காது. கல்லூரியிலிருந்து வருபவர் சரியில்லை என்றால் பணத்தை வீசி வேறு ஆளை வாங்கிவிடலாமே? 1994-க்குப் பிறகு அது நடக்காது. அந்த ஆண்டு சம்பள உச்சவரம்பு வந்தது. ஓர் அணி ஓர் ஆண்டில் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் கணக்கு எழுதலாம் என்ற எல்லைதான் சம்பள உச்சவரம்பு. 2025-இல் அது 27.92 கோடி டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும், எந்தப் பெருநகரத்து அணியாக இருந்தாலும், 32 பேருக்கும் அதே தொகைதான்.

மாதம் ஒரே சம்பளம் வாங்கும் 32 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் மற்றதைவிட நன்றாக வாழ்கிறது என்றால், அது கூடுதலாகச் சம்பாதித்து அல்ல; எதை எந்த விலைக்கு வாங்குவது என்று தெரிந்து வாங்கியதால்தான். என்எஃப்எல் அணி கட்டுவதன் சாரமே இதுதான் என்பேன்.

கன்றும் கறவை மாடும்

ஆள் சேர்க்க இரண்டு முக்கிய வழிகள். ஒப்பந்தம் முடிந்து, யாருடன் வேண்டுமானாலும் பேசலாம் என்ற நிலையில் இருக்கும் வீரரை வாங்குவது ஒன்று. அவரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். இது கறவை மாடு வாங்குவது போல. எத்தனை லிட்டர் கறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் விலையும் அதற்கேற்றபடி முழுசாக இருக்கும். சந்தைக்குப் பத்துப் பேர் வந்தால் கறப்பதைவிட அதிகமாகக்கூட விலை ஏறும்.

டிராஃப்ட் கன்று வாங்குவது. கறக்குமா, நோய் வந்து விழுமா, யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் விலை குறைவு, அதுவும் முன்கூட்டியே நிர்ணயித்த விலை. டிராஃப்டில் எடுக்கப்படும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்று வீரர்கள் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தை ஏறக்குறைய முழுவதும் தீர்மானிப்பது அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதுதான். முதல் மூன்று பருவங்கள் முடியும்வரை ஒப்பந்தத்தை மாற்றி எழுதவும் விதி இடம் தராது.

பர்டியின் கதையை இப்போது திரும்பிப் பாருங்கள். சூப்பர் பவுல்வரை போன அந்த 2023 பருவத்தில் (அது முடிந்தது 2024 பிப்ரவரியில்) அவர் சம்பளம் ஒன்பது லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. மூன்று பருவங்கள் முடிந்து, விதி அனுமதித்ததும், 2025 மே மாதம் அவருக்குக் கிடைத்த புதிய ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரியாக 5.3 கோடி. அதே மனிதர், அதே கை. முதல் மூன்று ஆண்டுகளில் இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் கிடந்த பெரிய வித்தியாசம் முழுவதும் அணியின் பையில் இருந்தது. அந்தப் பணத்தில்தான் மற்ற இடங்களுக்கு விலை உயர்ந்த ஆட்களை வைத்துக்கொண்டார்கள். லான்ஸ் விஷயத்தில் செய்த தவறை மூடியதும் இதே வித்தியாசம்தான்.

டிராஃப்ட் மதிப்பு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்: வீரர் தரும் ஆட்டத்தின் சந்தை விலையிலிருந்து அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எந்த இடத்துக்கு எடுப்பது?

சம்பளத்தைத் தீர்மானிப்பது பிக் எண். ஆடும் இடத்தைப் பொறுத்து அது மாறாது. பத்தாவது ஆளாகக் குவார்ட்டர்பேக்கை எடுத்தாலும், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் சந்தையில் இரண்டு பேருக்கும் ஒரே விலையா? கிட்டத்தில்கூட இல்லை. அதனால் சந்தையில் விலை அதிகமான இடத்துக்கு டிராஃப்டில் ஆள் எடுத்தால் மிச்சமும் அதிகம். குவார்ட்டர்பேக், அவரைக் காக்கும் டேக்கிள், எதிரணி குவார்ட்டர்பேக்கை விளிம்பிலிருந்து பாய்ந்து பிடிக்கும் எட்ஜ் ரஷர், பந்தைப் பிடிக்க ஓடுபவரை நிழல்போலத் தொடரும் கார்னர்பேக் ஆகியோர் முதல் சுற்றில் அடிக்கடி போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு ரன்னிங் பேக்குக்காக அந்த ஆண்டில் தன்னிடம் இருந்த எல்லா பிக்குகளையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் சுற்றுகளையும் கொடுத்தது. வில்லியம்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான். அந்தப் பருவத்தில் செயின்ட்ஸ் வென்றது மூன்று ஆட்டம்.

53 பேர்

களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஆனால் தாக்கி ஆடுபவர்கள் வேறு, தடுத்து ஆடுபவர்கள் வேறு, பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்குபவர்கள் வேறு. இவர்கள் எல்லோரும், காயம்பட்டால் இறங்க மாற்று ஆட்களும் சேர்ந்து பருவத்துக்கு 53 பேர். இந்தப் பட்டியலைத்தான் ரோஸ்டர் என்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆண்டுக்கு ஏழு பிக், ஒப்பந்தம் நான்கு ஆண்டு. எல்லோரும் தங்கினால் 28 பேர். 53-இல் பாதிக்கு மேல் கன்று விலையில்! நிஜத்தில் அத்தனை பேரும் தங்க மாட்டார்கள், பலர் வெளியேற்றப்படுவார்கள். டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்கள் சிலர் உள்ளே வருவார்கள். ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. ஐந்து பேருக்குப் பெரிய சம்பளம் கொடுக்க வேண்டுமானால் இருபது பேர் சின்னச் சம்பளத்தில் உருப்படியாக ஆட வேண்டும். தொலைக்காட்சியில் முதல் சுற்றைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். ரோஸ்டர் நிரம்புவது டிராஃப்டின் மூன்றாம் நாள், நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: எல்லா அணிக்கும் ஒரே பணப்பை, டிராஃப்ட் வீரரின் விலை முன்பே கட்டுப்பட்டது, சந்தை வீரரின் விலை கட்டுப்படாதது. எனவே நல்ல டிராஃப்ட் என்றால் பணத்தை விடுவிப்பது.

பெயருக்குப் பின்னால் யார்?

இவ்வளவு லாபம் என்றால் நல்ல கன்றாகப் பார்த்துப் பிடிக்க வேண்டியதுதானே? அணிகள் அதற்காகப் படாத பாடு படுகின்றன. ஸ்கவுட்டுகள் எனப்படும் தேடுநர்கள் ஆண்டு முழுவதும் கல்லூரி ஆட்டங்களுக்குப் போகிறார்கள். இண்டியானாபோலிஸில் வீரர்களை வரவழைத்து 40 கெஜம் ஓடவிட்டு நொடிக் கணக்கு எடுக்கிறார்கள்; உயரம், எடை, தாவும் தூரம், பழைய காயம் எல்லாம் பார்க்கிறார்கள். அப்படியும் பின்னாளில் பெரும் பெயரெடுத்த குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாகத்தான் போனார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்திருந்தார்கள்.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தாலரும் (தாலர் பின்னாளில் நோபல் பெற்றவர்) இந்த டிராஃப்டை அலசிப் பார்த்தார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரில் முதலில் எடுக்கப்பட்டவர் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். வானத்தை வளைத்தவனா, மணலைத் திரித்தவனா? ஏறக்குறைய உத்தி பிரிக்கும் தலைவனின் நிலைதான்.

இதற்காகத் தேடுநர்கள் வேலை தெரியாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. முதல் சுற்று வீரர்கள், மொத்தமாகப் பார்த்தால், ஐந்தாம் சுற்று வீரர்களைவிட நன்றாகவே ஆடுகிறார்கள். பெரிய இடைவெளியை அவர்களால் பார்க்க முடிகிறது. சின்ன இடைவெளியைப் பார்க்க முடிவதில்லை. 21 வயது இளைஞன் நான்கு ஆண்டு கழித்து என்ன ஆவான் என்று யாரால் சொல்ல முடியும்?

இதிலிருந்து வரும் பாடம் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது: ஒரே ஆள்மேல் எல்லாவற்றையும் வைப்பதைவிட அதிக முறை தேர்ந்தெடுப்பது நல்லது. பிக்குகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். டாலஸ் கவ்பாய்ஸின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், அதற்கு ஒரு விலைப்பட்டியல் தயாரானது. முதல் பிக் 3000 புள்ளி, 16-ஆவது 1000, 32-ஆவது 590. அந்தப் பட்டியல் லீக் முழுவதும் பரவியது. மாஸியும் தாலரும் சொன்னது, முன்வரிசை பிக்குகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது. முதல் பிக்கின் சம்பளம் அப்போது மலைபோல இருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2010-இன் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்தைக் கட்டுப்படுத்தும் விதி வந்ததும், அந்த ஆண்டு முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். கன்றின் விலை ஒரே இரவில் இறங்கிவிட்டது. அதனால் இன்று முன்வரிசை பிக்கின் மதிப்பு அப்போதைவிட நிச்சயம் கூடுதல். சரி, அதற்காக மூன்று முதல் சுற்றுகள் கொடுக்கலாமா? குவார்ட்டர்பேக் என்றால் அணிகள் கொடுக்கத்தான் செய்கின்றன. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2017-இல் 27-ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது, அது பலித்தது. லான்ஸ் விஷயத்தில் பலிக்கவில்லை.

தேவையைப் பார்ப்பதா, திறமையைப் பார்ப்பதா?

ரசிகர்கள் அதிகம் சண்டை போடும் இடம் இது. "எங்களுக்குக் கார்னர்பேக் இல்லை, இவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்" என்று கொதிப்பார்கள். ஆனால் கன்று வாங்குவது இன்றைய காப்பிக்குப் பாலுக்காக இல்லை. 2005-இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணியில் பிரெட் ஃபார்வ் என்ற பெரிய குவார்ட்டர்பேக் இருக்கும்போதே 24-ஆவது ஆளாக ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தார்கள். மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தார். 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்று கொடுத்தார். இன்றைய ஓட்டையை அடைக்கச் சந்தையில் ஆள் வாங்கலாம். டிராஃப்ட் இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் ஓட்டைக்கானது. ஆள் எடுத்த மறுநாளே அணிகளுக்கு மதிப்பெண் போடும் கட்டுரைகளை நான் படிப்பதே இல்லை. மூன்று பருவமாவது போகட்டும்.

மாடு போனாலும் தவணை போகாது

டிராஃப்டில் தவறு செய்தால் இழப்பது பெரும்பாலும் வாய்ப்பும் காலமும்தான். சந்தையில் தவறு செய்தால் பணப்பையே ஓட்டையாகும். பெரிய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவுடன் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். கடனில் மாடு வாங்கி, மாட்டை விற்ற பிறகும் தவணை கட்டுவதுபோல, வீரர் போன பிறகும் எழுதாமல் விட்ட மிச்சம் அணியின் கணக்கில் வந்து விழும். ஆடாத ஆளுக்காக உச்சவரம்பில் அடைபட்டுக் கிடக்கும் இந்தத் தொகைக்குப் பெயர் டெட் மணி.

டென்வர் பிராங்கோஸ் 2022-இல் இரண்டு முதல் சுற்றுகளையும் இரண்டு இரண்டாம் சுற்றுகளையும் இன்னும் பலவற்றையும் கொடுத்து ரஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்கை வாங்கியது. பெரிய ஒப்பந்தமும் எழுதியது. 2024-இல் அவரை விடுவித்தபோது கணக்கில் நின்ற டெட் மணி சுமார் 8.5 கோடி டாலர், இரண்டு ஆண்டுகளில் பரவி. அந்த அணி மூழ்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஏப்ரலில் 12-ஆவது ஆளாக போ நிக்ஸ் என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவ்வளவு சுமையோடும் அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் வென்று பிளேஆஃப் போனது. கன்று விலைக் குவார்ட்டர்பேக் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சீஃப்ஸ் இந்தக் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டது. மஹோம்ஸின் சம்பளம் ஏறிவிட்டது. அவரோடு, அவர் எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் டைரீக் ஹில்லையும் சந்தை விலையில் வைத்துக்கொண்டால் மற்ற இடங்கள் காலியாகும். 2022-இல் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து பிக்குகள் வாங்கினார்கள். கேட்டவர்கள் எல்லாம் திகைத்தார்கள். அந்த டிராஃப்டில் பத்துப் பேர் வந்தார்கள். 21-ஆவதாக வந்த ட்ரென்ட் மக்டஃபியும் 251-ஆவதாக வந்த இசையா பச்செகோவும் முதல் ஆண்டிலேயே முக்கிய இடங்களில் ஆடினார்கள். அந்தப் பருவமும் அடுத்த பருவமும் சூப்பர் பவுல் சீஃப்ஸுக்கே.

இதற்கு மாறாகச் செய்தும் வெல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்துப் பெரிய வீரர்களை வாங்கினார்கள். 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுலும் வென்றார்கள். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் கூப்பர் கப், அவர்களே மூன்றாம் சுற்றில் எடுத்து வளர்த்தவர்.

மறுபடி ஃபார்ட்டிநைனர்ஸ்

2025 வசந்தத்தில், பர்டிக்குப் பெரிய சம்பளம் வரப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்த நேரத்தில், அந்த அணியிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். பந்தைப் பிடிக்க ஓடும் டீபோ சாமுவேலை ஓர் ஐந்தாம் சுற்று பிக்குக்கு வாஷிங்டனிடம் கொடுத்தார்கள். தடுப்பு ஆட்டக்காரர்கள் தலனோவா ஹுஃபாங்காவும் ட்ரே கிரீன்லாவும் டென்வருக்குப் போனார்கள், சார்வேரியஸ் வார்ட் இண்டியானாபோலிஸுக்கு. அடுத்த மாதம் டிராஃப்ட் வந்தது. ஃபார்ட்டிநைனர்ஸ் 11 பேரை எடுத்தது. முதல் ஐந்து பேரும் தடுப்பு ஆட்டக்காரர்கள். அவர்களில் முதலில் எடுத்த மைக்கேல் வில்லியம்ஸ் ஓர் எட்ஜ் ரஷர்.